சனிக்கிழமை ராத்திரி ஜூஸ்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிரேப்ஃப்ரூட் என்றால் திராட்சை அல்ல. திராட்சைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. மரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் அப்படிப் பெயர் வந்தது என்பார்கள். நம்ம ஊர் பம்பளிமாஸ் தெரியுமில்லையா? அதற்கும் ஆரஞ்சுக்கும் கலப்பில் பிறந்த பிள்ளை அது. பிறந்த வீடு மேற்கிந்தியத் தீவுகள். பார்படாஸ் தீவைப் பற்றி 1750-ல் புத்தகம் எழுதிய கிரிஃபித் ஹ்யூஸ் என்ற பாதிரியார், 'விலக்கப்பட்ட கனி' என்று ஒரு பழத்தைக் குறிப்பிடுகிறார். அது இதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். யார் என்ன நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ, 240 வருஷம் கழித்து அது பலித்துவிட்டது!

பலித்த இடம், கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கும் லண்டன் (ஆமாம், அங்கேயும் ஒரு லண்டன் உண்டு). கதாநாயகர் டேவிட் பெய்லி. இளம் வயதில் ஓட்டப்பந்தய வீரர். 1966-ல், ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிஷத்துக்குள் ஓடி முடித்த முதல் கனடாக்காரர். பிறகு ஓட்டத்தை விட்டு மருந்து ஆராய்ச்சிக்கு வந்தார்.

1980-களின் கடைசியில் அவர் கையில் இருந்த கேள்வி ரொம்பச் சாதாரணமானது. ஃபெலோடிபின் என்று ஒரு ரத்த அழுத்த மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர் கொஞ்சம் மதுவும் சாப்பிட்டால் என்ன ஆகும்?

இந்த மாதிரி சோதனையில் ஒரு நிபந்தனை உண்டு. தன் டம்ளரில் மது இருக்கிறதா இல்லையா என்பது குடிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. அதனால் மதுவின் சுவையை மறைக்க ஒரு ஜூஸ் தேவைப்பட்டது. எந்த ஜூஸ்? ஒரு சனிக்கிழமை ராத்திரி பெய்லியும் அவர் மனைவியும் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த ஜூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, மதுவைக் கலந்து ருசி பார்த்தார்கள். புளிப்பும் கசப்புமாக இருந்த கிரேப்ஃப்ரூட் ஜெயித்தது. மது இருந்த டம்ளர், இல்லாத டம்ளர் இரண்டிலும் அதுவே ஊற்றப்பட்டது.

1989-ல் வெளியான முடிவு, மது சேர்ந்தால் மாத்திரையின் வேகம் கூடுகிறது என்றது. எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. எல்லோருடைய ரத்தத்திலும் மருந்து ஏகத்துக்கு அதிகமாக இருந்தது, மற்ற ஆய்வுகளில் பார்த்ததைவிடப் பல மடங்கு. மது சாப்பிட்டவருக்கும் அதிகம், சாப்பிடாதவருக்கும் அதிகம். அப்படியானால் குற்றவாளி மது இல்லை. இரண்டு டம்ளருக்கும் பொதுவாக இருந்தது ஜூஸ்தானே?

பெய்லி தன்னையே எலியாக்கிக்கொண்டார். ஒரு முறை தண்ணீரோடு மாத்திரை, இன்னொரு முறை கிரேப்ஃப்ரூட் ஜூஸோடு. ஜூஸோடு விழுங்கியபோது ரத்தத்தில் மருந்தின் அளவு சுமார் ஐந்து மடங்கு. அப்புறம் ஆறு பேரை வைத்துச் செய்த சோதனை 1991-ல் 'லான்செட்' இதழில் வந்தது. தண்ணீரோடு சாப்பிட்டால் உடம்புக்குக் கிடைக்கும் மருந்து 100 என்றால், ஜூஸோடு சராசரியாக 284. ஆரஞ்சு ஜூஸுக்கு இந்த வேலை தெரியவில்லை.

எப்படி? நாம் விழுங்கும் மாத்திரை அப்படியே ரத்தத்துக்குப் போய்விடுவதில்லை. சிறுகுடலின் சுவரில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. சிஒய்பி3ஏ4 என்ற என்சைம், அந்நியச் சரக்கு எது வந்தாலும் பிடித்து உடைக்கும். தப்பி உள்ளே போனதைக் கல்லீரல் இன்னொரு தடவை பிடிக்கும். ஃபெலோடிபினைப் பொறுத்தவரை, விழுங்கியதில் சுமார் 15 சதவிகிதம்தான் கடைசியில் ரத்தத்துக்கு மிஞ்சுகிறது. மருந்துக் கம்பெனிக்கு இது தெரியும். வழியில் போகிற 85-ஐயும் கணக்கில் சேர்த்துத்தான் மாத்திரையின் அளவை வைக்கிறார்கள்.

கிரேப்ஃப்ரூட்டில் ஃபியூரனோகூமரின் என்ற ரசாயனங்கள் இருக்கின்றன. அவை அந்த என்சைமைக் கட்டிப்போட்டுவிடும். கட்டு அவிழாது. உடம்பு புதிதாக என்சைம் தயாரித்தால்தான் உண்டு. அமெரிக்காவில் சிலருக்கு ஆறு நாள் ஜூஸ் கொடுத்து, குடல் சுவரிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். என்சைம் 62 சதவிகிதம் குறைந்திருந்தது. கல்லீரலில் மாற்றமில்லை. 1997-ல் வெளியான ஆய்வு இது. மருந்தை உடைப்பதெல்லாம் பெரும்பாலும் கல்லீரல்தான் என்று நினைத்திருந்தவர்களுக்குக் குடலின் பங்கு எவ்வளவு பெரியது என்று காட்டிக்கொடுத்தது ஒரு பழம்!

செக்போஸ்ட் இல்லாவிட்டால் நல்லதுதானே, மருந்து வீணாகாதே என்கிறீர்களா? டெர்ஃபெனடின் கதையைக் கேளுங்கள்.

தும்மலுக்கும் அலர்ஜிக்கும் தூக்கம் வராத மாத்திரை என்று 1985-ல் அமெரிக்காவில் 'செல்டேன்' என்ற பெயரில் வந்து சக்கைப்போடு போட்டது டெர்ஃபெனடின். அது ரத்தத்துக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட முழுசாக வேறொரு பொருளாக மாறிவிடும். அந்தப் பொருள்தான் தும்மலை நிறுத்துவது. மாறாமல் அப்படியே போனால்? இதயத் துடிப்பின் தாளம் தப்பும். 29 வயது இளைஞர் ஒருவர் இந்த மாத்திரையை ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டு வந்தவர். ஒரு நாள் இரண்டு டம்ளர் கிரேப்ஃப்ரூட் ஜூஸ் குடித்துவிட்டு, தோட்டத்தில் புல் வெட்டப் போனார். உடம்பு என்னவோ செய்தது. இறந்துபோனார். 1997-ல் ஒரு மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது.

சில பூஞ்சை மருந்துகளும் ஆன்டிபயாடிக்குகளும்கூட டெர்ஃபெனடினோடு சேர்ந்து இதே வம்பைச் செய்தன. 1998-ல் அமெரிக்காவில் அதை விலக்கினார்கள். இந்தியாவில் 2003-ல் தடை. பதிலுக்கு வந்தது, உடம்பு மாற்றித் தரும் அந்தப் பொருளையே மாத்திரையாக்கிய ஃபெக்ஸோஃபெனடின். இதயத்துக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள், இதே ஜூஸோடு சாப்பிட்டால் இந்த மாத்திரை ரத்தத்தில் ஏறாமல் குறைகிறது! குடலில் இதை உள்ளே தூக்கிவிடும் இன்னொரு வாசலை ஜூஸ் அடைத்துவிடுகிறதாம். ஆரஞ்சும் ஆப்பிளும்கூட இந்த வாசலை அடைக்கும்.

2012-ல் பெய்லியும் நண்பர்களும் கணக்கெடுத்தபோது, கிரேப்ஃப்ரூட்டோடு மோதும் மருந்துகள் 85-ஐத் தாண்டியிருந்தன. அவற்றில் 43 மருந்துகளின் விளைவு கடுமையாக இருக்கக்கூடும் என்றார்கள். கொலஸ்ட்ராலுக்குத் தரும் சிம்வாஸ்டாடின், அடார்வாஸ்டாடின், சிறுநீரக மாற்று ஆபரேஷன் ஆனவர்களுக்கான சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் எல்லாம் பட்டியலில் உண்டு. இதற்கு ஒரு டம்ளரே போதும். காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை என்று பிரித்துச் சாப்பிட்டும் தப்பிக்க முடியாது. ஒரு நாளைக்கு மேலும் அதன் வேலை நீடிக்கும்.

'நான் கிரேப்ஃப்ரூட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே' என்பவர்களுக்கு ஒரு சேதி. அதன் தாயான பம்பளிமாஸிலும் அதே ஃபியூரனோகூமரின் இருக்கிறது. அதற்காகப் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. எல்லா மருந்துக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. ஒரே வியாதிக்கான மாத்திரைகளிலேயே மோதுவதும் உண்டு, மோதாததும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று டாக்டரிடமோ மருந்துக்கடையில் இருக்கும் ஃபார்மஸிஸ்டிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

சித்த வைத்தியத்தில் அனுபானம் என்பார்கள். இந்தச் சூரணம் தேனோடு, அது நெய்யோடு, இது வெந்நீரோடு என்று எதோடு சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். இங்கிலீஷ் மருந்துக்கு அதெல்லாம் எதற்கு என்று நாம் கையில் கிடைத்த காபி, ஜூஸ், மோர் என்று எதையாவது ஊற்றி விழுங்குகிறோம். பெய்லி 2022-ல் காலமானார். ஃப்ரிட்ஜில் அன்றைக்கு வேறு ஜூஸ் ஜெயித்திருந்தால் இந்த விஷயம் வெளியே வர இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ, அதற்குள் எத்தனை பேர் காரணம் தெரியாமலே போயிருப்பார்களோ!

மாத்திரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பம்பளிமாஸ் பிடிக்கும் என்றால், முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டு உரியுங்கள்.