இடுப்பளவு நீரில் உழைப்போர்: காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கமும் கணக்கில் வராத மீனவர்களும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தில் ஒடுங்கி நீண்ட நிலத்திட்டு காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும், வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். இத்திட்டில் இயங்கிவரும் துறைமுகத்தைப் பன்மடங்கு பெரிதாக்கும் திட்டத்திற்குக் கடலோர ஊர்கள் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளன. அந்த எதிர்ப்பு பெரும்பாலும் ‘மீனவர்கள் எதிர்ப்பு’ என்ற ஒற்றைச் சொற்றொடருக்குள் அடக்கப்படுகிறது. அச்சொல்லுக்குள் எத்தகைய மக்கள் இருக்கிறார்கள், துறைமுகத்திற்காக நீர்ப்பரப்பு ஆழப்படுத்தப்படும்போது யார் எதை இழக்கிறார்கள், அந்த இழப்பு எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது ஆகிய கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

திட்டத்தின் அளவு

காட்டுப்பள்ளித் துறைமுகத்தையும் கப்பல் கட்டும் தளத்தையும் எல் அண்ட் டி நிறுவனம் உருவாக்கியது. 2018இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அதன்பின் முன்வைக்கப்பட்ட திருத்திய பெருந்திட்டம், 330 ஏக்கர் பரப்பை 6,111 ஏக்கராகவும், ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் சரக்குக் கையாளும் திறனை 320 மில்லியன் டன்னாகவும் உயர்த்தக் கோரியது. மதிப்பீடு ஏறத்தாழ 53,000 கோடி ரூபாய். கோரப்பட்ட பரப்பில் சுமார் 2,000 ஏக்கர் கடலை மேடாக்கிப் பெறப்பட வேண்டியது. சுமார் 1,500 ஏக்கர் அலையேற்றமும் இறக்கமும் நிகழும் கழிநிலம். இத்திட்டத்திற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 அன்று நடைபெறுவதாக இருந்து ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 எனக் குறிக்கப்பட்ட கூட்டமும் அவ்வாறே ஒத்திவைக்கப்பட்டது.

பெருங்கப்பல்கள் வந்துசெல்ல ஆழமான வழித்தடமும் கப்பல் திரும்பும் பரப்பும் வேண்டும். அதற்காகக் கடலடி மணலும் சேறும் அகழப்படுகின்றன. அகழ்ந்த மணல் கரையோரக் கடலை மேடாக்கப் பயன்படுகிறது. எஞ்சியது வேறிடத்தில் கொட்டப்படுகிறது. ஆகவே ஆழப்படுத்தல் என்பது ஓரிடத்தைத் தோண்டுவதோடு முடிவதில்லை. மற்றோரிடத்தைப் புதைப்பதும் அதன் பகுதியே.

மணலின் பாதை

தமிழகத்தின் வடகடலோரத்தில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. இந்த ஓட்டத்தின் குறுக்கே அலைதடுப்புச் சுவரோ ஆழ்ந்த வழித்தடமோ அமைந்தால் தென்புறத்தில் மணல் சேரும். வடபுறம் மணலின்றி அரிக்கப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரித்தது. அகன்ற கரை நகரத்தின் உலாவிடமாயிற்று. அரித்த கரை உழைக்கும் மக்களின் குடியிருப்பாக இருந்தது. வளர்ச்சியின் பயனும் பாதிப்பும் யார் யாரிடம் சேர்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் வேண்டியதில்லை.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே அரிப்பு முன்னேறினால், கடலையும் பழவேற்காடு ஏரியையும் பிரிக்கும் மணல்திட்டு மெலியும் என்பதே அப்பகுதி மக்களின் முதன்மையான அச்சம். சிலிக்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் அளவே அங்கு இறாலுக்கும் நண்டுக்கும் வாழ்வளிக்கிறது. அந்த அளவு குலைந்தால் ஏரியின் உற்பத்தி குலையும். மேலும், கொசஸ்தலையாற்று வெள்ளம் பரவி வடியும் இடமான கழியை மேடாக்கினால் வெள்ளம் தாழ்வான குடியிருப்புகளைத் தேடி வரும். தாழ்வான நிலத்தில் குடியிருப்போர் யாவர் என்பது நம் ஊர்களின் அமைப்பை அறிந்தோர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

தூர்வாருதல் என்னும் ஒரே சொல்

மீனவர்கள் தூர்வாருதலையே எதிர்ப்பவர்கள் அல்லர். பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் அடைபடும்போதெல்லாம் அதைத் தூர்வார வேண்டும் என்று கோரிவருபவர்கள் அவர்களே. முகத்துவாரம் அடைபட்டால் படகு கடலுக்குள் செல்ல இயலாது. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வர இயலாது. அவர்கள் கேட்பது நீரோட்டத்தை மீட்கும் தூர்வாரல். துறைமுகம் கேட்பது கப்பலின் அடிப்பகுதி தட்டாத ஆழம். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால், ‘நீங்களே கேட்டதைத்தான் செய்கிறோம்’ என்று வாதிடுவோர்க்கு இடம் கிடைத்துவிடுகிறது. செயற்பாட்டாளர்கள் தம் துண்டறிக்கைகளிலும் மனுக்களிலும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எழுதுவது நல்லது.

பாடு உரிமையும் அதற்கு வெளியே நிற்போரும்

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்னும் மரபுவழி ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. ஏரியின் வளமான மீன்பிடி இடங்கள் பங்கிடப்பட்டு, எந்நாளில் எவ்விடத்தில் யார் வலையிடுவது என்பது சீட்டுக் குலுக்கலால் முடிவாகிறது. இவ்வுரிமை பட்டினவர் சமூகத்தைச் சேர்ந்த கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் ‘தலைக்கட்டு’ உறுப்பினர்களிடம் இருந்துவந்துள்ளது. உள்ளிருப்போரிடையே சச்சரவைக் குறைப்பதும் மிகைப்பிடிப்பைத் தடுப்பதும் இம்முறையின் சிறப்புகள். பொதுவளத்தை மக்களே ஆளும் முறைக்கு எடுத்துக்காட்டாக ஆய்வாளர்கள் இதைப் பேசியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஏற்பாடு சாதியால் வேலியிடப்பட்டது. ஏரியை நம்பி வாழும் தலித் மக்களுக்கும் இருளர் பழங்குடியினருக்கும் பாட்டில் இடமில்லை. பாட்டுக்கு வெளியே உள்ள ஓரங்களிலும் கால்வாய்களிலும் சேற்றுப் பரப்புகளிலும் அவர்கள் வீச்சுவலையாலும் வெறுங்கையாலும் பிடிக்கிறார்கள். எண்ணூர்க் கழியிலும் பக்கிங்காம் கால்வாயிலும் இருளர் பெண்கள் நீருக்குள் அமர்ந்தும் தவழ்ந்தும் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடுவதற்கு ஓலையால் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். இரு கைகளும் வேலைக்கு வேண்டும். சிப்பியும் உடைந்த கண்ணாடியும் கிழித்த கைகளோடும், நாள் முழுதும் உவர்நீரில் ஊறிய உடலோடும் நடக்கும் உழைப்பு இது.

இதைச் சுட்டுவதால் மீனவர் ஒற்றுமை குலையும் என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. துறைமுகத்தை எதிர்ப்பதில் பட்டினவர்களுக்கும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் பொதுநலன் உண்டு. ஆயினும் ஊர்ப் பஞ்சாயத்து பேசும்போது அதில் இடமில்லாதவர்களின் கருத்தும் பேசப்பட்டுவிட்டதாகக் கொள்வது நேர்மையாகாது.

ஆழம் யாருக்கு என்ன செய்கிறது

கடலில் தொழில் செய்யும் படகுக்காரர் அஞ்சுவது மீன்பிடிப் பரப்பு சுருங்குவதையும், கப்பல் வழித்தடத்தில் வலை அறுபடுவதையும், படகு நிறுத்தும் கரை அரிக்கப்படுவதையும். ஏரியில் பாடு உரிமை உள்ளவர் அஞ்சுவது நீரின் உவர்ப்பு மாறுவதை. கையால் பிடிப்பவரின் நிலை இவற்றினும் வேறு. அவருக்குப் படகில்லை, பெரும்பாலும் வலையுமில்லை. ஆழமற்ற நீரே அவருடைய தொழிற்கருவி. இடுப்பளவு நீரும், கால் பதியும் சேறும், அச்சேற்றில் பதுங்கும் இறாலும் உள்ளவரை அவருக்குத் தொழிலுண்டு. ஆழப்படுத்தல் என்பது அந்த ஆழமின்மையை அழிக்கும் செயல். அகழ்மணலைக் கொட்டி மேடாக்கினாலும் அதே சேறு புதைகிறது. தோண்டினாலும் நிரப்பினாலும் அவர் வெளியேற்றப்படுகிறார். படகுள்ளவர் இன்னும் சில கடல்மைல் தள்ளிப் போகலாம். டீசல் செலவு கூடும், இன்னல் கூடும், எனினும் வழியுண்டு. நடந்துபோய் நீரில் இறங்குபவருக்கு அடுத்த கழி இல்லை.

வேலைவாய்ப்புப் பற்றிய கருத்தும் ஒன்றுபோல் இல்லை. படித்த இளைஞர்களில் சிலருக்குத் துறைமுக வேலை மீன்பிடியின் நிச்சயமின்மையிலிருந்தும் சாதித் தொழிலிலிருந்தும் விடுபடும் வழியாகத் தோன்றுகிறது. அந்த விருப்பத்தை நாம் இகழ முடியாது. ‘மரபுத் தொழிலிலேயே இருங்கள்’ என்று அறிவுரை கூறும் உரிமை யாருக்கும் கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வாக்களிக்கப்படும் வேலை நிரந்தரமானதா, ஒப்பந்தக்காரரின் கீழ் நாட்கூலியா? துறைமுகத்திற்காக முன்பு இடம்பெயர்ந்த காட்டுப்பள்ளிக்குப்பத்து மக்கள் நிரந்தர வேலை கேட்டுப் போராடியதை நினைவில் கொண்டே புதிய வாக்குறுதிகளை எடைபோட வேண்டும். நாற்பது வயது கடந்த, எழுத்தறியாத, நீரில் இறால் தடவும் பெண்ணுக்குத் துறைமுகத்தில் எந்த வேலை காத்திருக்கிறது என்பதும் அக்கேள்வியின் பகுதியே.

சட்டம் யாரைக் காண்கிறது

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு, மீள்குடியேற்றச் சட்டம், ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதை விரிவாகவே வரையறுக்கிறது. நிலமற்ற விவசாயக் கூலிகளும், மூன்றாண்டுகளாக நீர்நிலையை நம்பி வாழும் மீனவர்களும் அதில் அடங்குவர். ஆனால் இவ்வரையறை நிலம் ‘கையகப்படுத்தப்படும்’போதே செயல்படும். கழியும் கடலும் புறம்போக்கும் ஏற்கெனவே அரசுடையவை. அவை கையகப்படுத்தப்படுவதில்லை, ஒப்படைக்கப்படுகின்றன. எனவே பட்டா வைத்திருப்பவர் இழப்பீடு பெறும் நிலையில், தலைமுறைகளாகக் கழியில் உழைத்தவர் பாதிக்கப்பட்டவராகவே எழுதப்படாமல் போகலாம். தமிழகத்தில் தொழிற்சாலைகளுக்கான நிலத்திற்கு 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் பயன்படுத்தப்படுவதால், 2013ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்தும் சமூகத் தாக்க மதிப்பீடும் நழுவிவிடுகிறது.

இழப்பீட்டு நடைமுறையும் பொருள்களையே எளிதில் காண்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியபோது அரசு அறிவித்த நிவாரணத்தில், குடும்பங்களுக்கான தொகையோடு படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் எனத் தனிப் பிரிவும் இருந்தது. எண்ணெய் படிந்த சேற்றில் கைவைக்க இயலாமற் போனவரிடம் பழுது பார்ப்பதற்குரிய பொருள் எதுவும் இல்லை.

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவு, பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் நிலத்தின் மீதும் நீரின் மீதும் கொண்டுள்ள உரிமையைத் துய்ப்பதில் குறுக்கிடுவதைக் குற்றமாக்குகிறது. ‘நீர்’ என்னும் சொல் அங்கே உள்ளது. ஆனால் உரிமை இருந்ததற்குச் சான்று வேண்டும். அச்சான்றைத் தொகுக்கும் வேலையே நம்முன் உள்ளது.

கருத்துக்கேட்பில் கேட்க வேண்டியவை

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2006இன்படி கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். நிகழ்வு முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். பேசப்பட்டவற்றின் குறிப்பு அங்கேயே மக்களின் மொழியில் வாசிக்கப்பட வேண்டும். எழுத்து வழியாகவும் கருத்துத் தெரிவிக்கலாம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற வரம்பு இல்லை. எனவே யாரும் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே ஆகும். புறக்கணிப்பைப் போராட்ட வடிவமாகத் தேர்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. முதல் அனுமதி பெற்ற திட்டத்தில் பராமரிப்புத் தூர்வாரல் இடம்பெற்றிருந்தால், பின்னர் அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. வழித்தடம் மீண்டும் மீண்டும் தூர்ந்துபோகும். மீண்டும் மீண்டும் அகழப்படும். மக்களிடம் கேட்பதோ ஒருமுறைதான்.

ஆகவே ஆய்வறிக்கையைக் கையில் எடுக்கும் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் பின்வருவனவற்றைத் தேடிப் பார்க்க வேண்டுகிறோம். கையால் மீனும் இறாலும் பிடிப்போர் எண்ணப்பட்டிருக்கிறார்களா? பெண்கள் தனித் தொழிலாளர்களாக எழுதப்பட்டிருக்கிறார்களா, மீனவரின் மனைவியாக மட்டுமா? இருளர், தலித் குடியிருப்புகள் வரைபடத்தில் பெயரோடு உள்ளனவா? அகழ்மணல் எங்கே கொட்டப்படும், அங்கே இன்று உழைப்பவர் யார்? காமராசர் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் ஏற்கெனவே செய்த பாதிப்போடு சேர்த்து மொத்தத் தாக்கம் கணக்கிடப்பட்டிருக்கிறதா?

அறிக்கையில் விடை இல்லையெனில் விடையை நாமே உருவாக்க வேண்டும். எந்தக் கழியில், எந்த மாதத்தில், எந்த ஊரார், எவ்வளவு நேரம், என்ன பிடிக்கிறார்கள், எங்கே விற்கிறார்கள் என்பதை உழைப்பவரின் வாய்மொழியாகவே கேட்டு, வரைபடத்தில் குறித்து, அவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் ஒப்புதலோடு மனுவாக்குவது கல்லூரி மாணவர் குழு ஒன்று சில வாரங்களில் செய்யக்கூடிய பணி. திட்டம் நிறைவேறினாலும் கைவிடப்பட்டாலும் அப்பதிவு பயன்படும். அடுத்த எண்ணெய்க் கசிவின்போதும், அடுத்த நிவாரணப் பட்டியலின்போதும், பாட்டு உரிமையைப் பற்றிய அடுத்த பேச்சின்போதும், இந்த நீரில் நாங்களும் இருந்தோம் என்று சொல்வதற்கு அது ஓர் ஆவணமாக நிற்கும்.