செந்தழை மரமும் வட்டக்கச்சி வளவும்

யப்பானியர் தம் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்கென்றே வளர்த்துவரும் மரங்களுள் மேப்பிள் தலையாயது. விரல்களை விரித்த கையைப் போன்ற இலையை உடையது. இலையுதிர் காலம் வந்ததும் அவ்விலை பசுமை நீங்கிச் செக்கச் சிவந்துவிடும். இலையின் வடிவைக் கண்டு யப்பானியர் அதற்கிட்ட பெயர் ‘தவளைக் கை’. அச்சொல்லே நாளடைவில் தேய்ந்து ‘கயேதே’ ஆயிற்று. செந்தழை காண மலைச்சாரல்களுக்குக் கூட்டங்கூட்டமாகச் செல்வது அந்நாட்டின் பழைய வழக்கம். எடோ நகரத்து நாற்றுத்தோட்டக்காரர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேப்பிள் வகைகளைப் படம் வரைந்து நூலாக்கியிருந்தனர்.

இம்மரத்திற்கு இலத்தீன் பெயர் சூட்டியவர் இலங்கைக்கும் வந்து சென்றவர் என்பதைப் பலர் அறியார். அவர் சுவீடன் நாட்டவரான கார்ல் பீட்டர் துன்பெர்க். தாவரவியல் அறிஞர் லின்னேயசின் மாணாக்கர். ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1775இல் யப்பானை அடைந்தார். பிறநாட்டார் அந்நாளில் நாகசாகித் துறையிலுள்ள தெசிமா என்னும் சிறு தீவுக்கு அப்பால் விருப்பம்போல் நடமாட முடியாது. ஆகவே அங்குள்ள கால்நடைகளுக்குத் தீனியாகக் கொண்டுவரப்பட்ட புல்லையும் தழையையும் கிளறி, அவற்றுள் புதிய செடிகளைத் தேடினார் அவர்! யப்பானை நீங்கியபின் 1777இல் இலங்கைக்கு வந்து, 1778இன் தொடக்கம்வரை ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த கரையோரப் பகுதிகளில் தங்கினார். வன்னி நாட்டில் அக்காலத்தில் வன்னியர் தலைவர்களின் அதிகாரம் நிலவிற்று. மேப்பிளின் இலத்தீன் பெயர் 1784இல் அச்சேறியது. உயிருள்ள மரம் இங்கிலாந்தை அடைய 1820 ஆயிற்று.

துன்பெர்க் அம்மரத்தின் கன்றொன்றை வன்னியில் நட்டிருப்பினும் அது நிலைத்திராது. பகல் குறுகி இரவு குளிரும்போதுதான் மேப்பிள் இலையில் பச்சையம் சிதைந்து செந்நிறப் பொருள் திரளும். பின்னர் பல வாரக் குளிரில் மரம் உறங்க வேண்டும். அவ்வுறக்கம் கிடையாவிடின் அடுத்த பருவத்துத் துளிர் ஒழுங்காக விரியாது. மரம் ஆண்டுக்காண்டு மெலியும். வெப்பக் காற்று வீசினாலோ இலையின் ஓரம் கருகிவிடும்.

வட்டக்கச்சியின் ஆண்டுச் சக்கரம் முற்றிலும் வேறானது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மாரி. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்றும் வறட்சியும். இவ்வூரின் வாழ்வு இரணைமடுக் குளத்தோடு பிணைந்தது. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய குளவேலை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நீடித்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பகுதியில் குடியேற்றங்கள் பெருகின. குடியேறியோர் காட்டை வெட்டி வயலாக்கினர். மேட்டுக்காணியில் குடிசையமைத்துக் கிணறு தோண்டினர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் காணியை அபிவிருத்தி செய்தாக வேண்டும். ஆதலால் முதலில் நட்டவை தென்னை, மா, பலா, முருங்கை. துலா மிதித்தோ கையால் இறைத்தோ பெற்ற நீரைப் பூமரத்துக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்?

அழகு வேலி வழியாகவே வளவுக்குள் வந்தது எனலாம். கதியாலாக நட்ட முள்முருக்கு, நீர் கேளாமலே வேரூன்றி, கோடை நெருங்க இலையுதிர்த்துச் செம்பூக்களால் நிறையும். வாசலிலே செவ்வரத்தை, கிணற்றடியிலே குரோட்டன். வன்னிக்கு உரிய இலுப்பையின் இளந்தளிர் செம்பு நிறத்தது. ஆயினும் வீட்டு முற்றத்தைவிடக் கோயில் வீதிக்கே அது பொருந்தும். மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை மேலும் வேடிக்கையானது. வறட்சி அதற்குப் பிறந்த நாட்டிலேயே பழக்கம். எனவே வெயில் கொதிக்கும்போதே அது பூத்துக் குலுங்கும். கிணற்றுக்கும் சுவருக்கும் அருகே மட்டும் நடலாகாது. அதன் வேர்கள் மேலோடி அகலப் பரவுவன.

மேப்பிளுக்கு மெய்யாகவே நிகர் நிற்பது நாட்டுவாதுமை எனப்படும் கொட்டங்காய் மரம். அதன் பெரிய இலைகள் உதிருமுன் மஞ்சளாகி, பின் குருதிச் சிவப்பாகின்றன. குளிர் செய்யும் வேலையை இங்கே வறட்சி செய்கிறது. அடுக்கடுக்காகக் கிளை விரித்து முற்றத்திற்கு நிழல் தருவது ஒருபுறம். உள்ளிருக்கும் பருப்புக்காகச் சிறுவர் கல்லும் கையுமாக அதன் அடியில் அமர்வது மற்றொருபுறம்.

2009இன் தொடக்கத்தில் போரினால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. திரும்பியோர் கூரையற்ற வீட்டையும் தூர்ந்த கிணற்றையும் கண்டனர். பற்றை மூடிய காணிகளில் எல்லையை அடையாளங்காணப் பழைய மரங்களும் உதவின. இன்று மீண்டும் கன்று நடுவோர் மாரியின் முதல் மழை விழுந்தவுடன் நடுதலே நன்று. சோளகம் எழுமுன் வேர் ஆழம் சென்றிருக்கும். முதலிரு கோடைகளில் அடியில் சருகு பரப்பி, மாலையில் ஒரு வாளி நீர் ஊற்றினால் போதும்; மூன்றாம் கோடையில் மரம் தன் நீரைத் தானே தேடிக்கொள்ளும்.