வழிநடை விருந்தும் குலவேற்றுமையும்

புதுவையினின்று கடலோரமாக வடதிசை ஏகும் பெருவழியிற் செல்வோர், சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பிள்ளைச்சாவடி என்னும் ஊர்ப்பெயர்களைக் காண்பர். சாவடி யென்பது வழிப்போக்கர் தங்குதற்குரிய இடம். உந்துவண்டியிற் போவார் இன்று அவ்விடங்களில் இறங்குவதில்லை. நல்ல மீன்குழம்புச் சோறு எங்குக் கிடைக்குமென அவ்வூராரை வினவி அங்கே செல்கின்றனர். உள்ளூரார் உண்ணுமிடமே வழிச்செல்வார்க்குச் சிறந்ததென்னும் இவ்வறிவு புதியதன்று.

இவ்வழி மரக்காணத்தை அடைகின்றது. அதனையே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமென ஆராய்ச்சியாளர் கொள்வர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளால் இயற்றிய அந்நூல், ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச்செல்லும் பாணனுக்கு வழியையும், வழியிற் பெறும் உணவையும் ஒருங்கே உரைக்கின்றது. எயிற்பட்டினத்தில் அலைகொணர்ந்த அகிற்கட்டையை எரித்து நுளைமகள் வடித்த பழந்தேறலும், சுட்ட உலர்ந்த குழல்மீனும் பெறலாம். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சிச் சூடும் உண்டு. ஆமூரிலோ உழவர் மனைமகள் தன் மக்களைக்கொண்டு பாணரைப் போகவொட்டாது தடுத்து, குற்றிய அரிசிச் சோற்றை நண்டுக் கறியோடு அளிப்பாள். எமக்கு இம்மூன்றனுள் ஆமூர் விருந்தே மிக இனியதாகத் தோன்றுகின்றது. பசித்து வந்தவன் இரவாமலே குழந்தைகள் வழிமறிப்பது வேறெவ்விருந்தினும் உயர்ந்ததன்றோ!

ஒன்று கருதத்தக்கது. கிடங்கிலில் அரசன் பொற்கலத்திலிட்டுத் தானே நின்று ஊட்டுகின்றான். வீமசேனன் மடைநூல் வழுவாத பல்வேறு அடிசிலென்று புலவர் அதனைப் புகழ்கின்றார். ஆயினும் அவற்றுள் ஒன்றன் பெயரையேனும் கூறினாரல்லர். மீனும் புளிச்சோறும் ஆமான் சூடும் நண்டும் பெயர்பெற்றன.

நுளையரும் எயினரும் உழவரும் இட்ட சோற்றைப் பாணர் உண்டனர். அரசனும் அப்பாணரைத் தன் மனையில் உண்பித்தான். பிற்காலத்திலோ பாணர் குலம் தாழ்ந்ததென எண்ணப்பட்டது. சத்திரங்களிற் பந்தி பிரிந்தது. இரயில் நிலையங்களிலும் பிராமணர்க்கெனவும் ஏனையோர்க்கெனவும் உண்ணுமிடங்கள் வேறாக இருந்தன. உணவுச்சாலைப் பெயர்ப்பலகையினின்று ‘பிராமணாள்’ என்னுஞ் சொல்லை அகற்றுமாறு 1957ஆம் ஆண்டில் ஈ. வெ. இராமசாமிப் பெரியார் திருவல்லிக்கேணியிற் கிளர்ச்சி நடத்தினார், பலர் சிறைபுகுந்தனர்.

பிறர் பந்தியில் நமக்கு இடமில்லையென்று வருந்திய குலங்கள், தமக்கென நிதி திரட்டித் தம் குலத்தார்க்கே சத்திரங் கட்டியதும் வரலாறே. அன்று அதற்குத் தேவையிருந்தது. அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. நம் சங்கத்தார் இனி வழிப்போக்கர்க்கென விடுதியோ உணவுச்சாலையோ அமைப்பராயின், வாயிற்பலகையிற் சங்கத்தின் பெயர் இருக்கட்டும். உண்ணவருவோனது குலத்தை எழுதும் ஏடு அங்கு வேண்டா. இதனை அடுத்த கூட்டத்தில் அன்பர்கள் ஆராய வேண்டுகின்றோம்.