மில்லுக்குப் போன சாமை கணக்குல எங்கே? ஜாப் ஒர்க் சரக்கை சாஃப்ட்வேரில் பதிவு செய்வது எப்படி? முழு விளக்கம்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், ஊர்களை 'நாடு' என்ற பெயரில்தான் பிரித்துச் சொல்வார்கள். அதில் ஒன்று எடப்புளி நாடு. சாமை, தினை, கேழ்வரகு இந்த மலையின் பழைய பயிர்கள். அறுவடை முடிந்தாலும் சாமையை அப்படியே சமைக்க முடியாது, உமி நீக்க வேண்டும். ஒரு காலத்தில் பெண்கள் உரலில் போட்டுக் குத்தினார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இங்கு சிறுதானியங்களுக்காக வேலை செய்தது. அந்த முயற்சியில் உமி நீக்கும் இயந்திரங்களும் மலைக்கு வந்தன.

தானியம் நம்முடையது, இயந்திரம் வேறொருவருடையது, அவருக்குக் கூலி மட்டும் கொடுக்கிறோம். இதற்குப் பெயர்தான் 'ஜாப் ஒர்க்'. திருப்பூரில் துணி சாயப்பட்டறைக்குப் போவதும் இதே கணக்குதான். ஆனால் சாஃப்ட்வேரில் பதிவு செய்யும்போது பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

பொதுவாக நடக்கும் தவறு என்ன?

மில்லுக்கு அனுப்பியதை 'விற்பனை' என்றும், திரும்பி வந்ததை 'கொள்முதல்' என்றும் போட்டுவிடுவது. இன்னும் சிலர் எதையுமே போடாமல், கூலி பில்லை மட்டும் செலவில் எழுதுவார்கள். முதல் வகையில், நடக்காத விற்பனை கணக்கில் ஏறும். இரண்டாவது வகையில், கணக்கில் சாமை இருக்கும், குடோனில் இருக்காது. அரிசி குடோனில் இருக்கும், கணக்கில் இருக்காது.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: சரக்கு இடம் மாறினாலும் சொந்தக்காரர் மாறவில்லை. மில்லில் கிடக்கும் மூட்டையும் உங்கள் இருப்புதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

எடப்புளி நாட்டில் ஒரு மகளிர் குழு 1,000 கிலோ சாமை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இவை உதாரணத்துக்கான தொகைகள்தான், சந்தை விலை இல்லை.

• சாமை கிலோ 40 ரூபாய் வீதம்: 40,000 ரூபாய்
• வண்டி வாடகை: 1,500 ரூபாய்
• மில் கூலி கிலோவுக்கு 5 ரூபாய்: 5,000 ரூபாய்
• மொத்தம்: 46,500 ரூபாய்

திரும்பி வந்த அரிசி 600 கிலோ. மீதி 400 கிலோ உமி, தவிடு, தூசி. தவிடு விற்றதில் 1,500 ரூபாய் கிடைத்தது. அதைக் கழித்தால் அடக்கம் 45,000 ரூபாய். 600 கிலோவுக்கு வகுத்தால் கிலோ 75 ரூபாய்.

சேதாரத்தைப் பார்க்காதவர் எப்படிக் கணக்குப் போடுவார்? '40 ரூபாய் சாமை, 5 ரூபாய் கூலி, ஒன்றரை ரூபாய் வண்டி. ஆக 46 ரூபாய் 50 காசு. 70-க்கு வித்தா நல்ல லாபம்' என்பார். உண்மையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 ரூபாய் கைவிட்டுப் போகிறது. 600 கிலோவுக்கு 3,000 ரூபாய் நஷ்டம். உழைப்புக்கும் பாக்கெட்டுக்கும் ஆகும் செலவு தனி.

டேலியில் எப்படிப் பதிவு செய்வது?

டேலி பிரைமில் இதற்குத் தனி வசதியே இருக்கிறது.

1. எஃப்11 அழுத்தி, 'எனேபிள் ஜாப் ஆர்டர் பிராசசிங்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள்.

2. மில் பெயரில் ஒரு குடோன் உருவாக்குங்கள். அதில் நமது சரக்கு மூன்றாம் நபரிடம் இருக்கிறது என்ற 'அவர் ஸ்டாக் வித் தேர்டு பார்ட்டி' தேர்வைக் கொடுங்கள்.

3. சாமை அரிசிக்கு 'பில் ஆஃப் மெட்டீரியல்' போடுங்கள். எவ்வளவு சாமைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு தவிடு என்ற அளவுப் பட்டியல் இது.

4. 'ஜாப் ஒர்க் அவுட் ஆர்டர்' வவுச்சரில் மில்லுக்குக் கொடுக்கும் வேலையைப் பதிவு செய்யுங்கள்.

5. சாமை வண்டி ஏறும்போது 'மெட்டீரியல் அவுட்'. உங்கள் குடோனில் குறைந்து, மில் குடோனில் ஏறும். மொத்த இருப்பு மாறாது.

6. அரிசி வந்ததும் 'மெட்டீரியல் இன்'. மில் குடோனில் சாமை கழிந்து, உங்கள் குடோனில் அரிசி ஏறும். தவிட்டையும் இங்கேயே வரவு வையுங்கள்.

7. மில் கூலி பில்லைத் தனியாகப் பதிவு செய்து, அது அரிசியின் அடக்க விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இஆர்பிநெக்ஸ்ட், ஓடூ போன்ற சாஃப்ட்வேர்களில் இதே வேலை 'சப்கான்ட்ராக்டிங்' என்ற பெயரில் இருக்கும். பெயர்தான் வேறு, வழி ஒன்றுதான்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் என்ன கவனிக்கணும்?

• சரக்கை டெலிவரி சலான் போட்டு அனுப்ப வேண்டும். விற்பனை பில் போடத் தேவையில்லை.

• சிஜிஎஸ்டி சட்டப் பிரிவு 143-ன்படி, மூலப்பொருள் 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும், அல்லது மில்லில் இருந்தே விற்கப்பட வேண்டும். இயந்திரம் போன்ற மூலதனப் பொருளுக்கு 3 வருடம். கெடு தாண்டினால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். வரி விதிக்கப்படும் பொருள் என்றால் வரியோடு வட்டியும் சேரும்.

• அனுப்பிய, திரும்பிய விவரங்களை ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். முந்தைய ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை, அதற்குள் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு குழுக்களுக்கு ஐடிசி-04 கிடையாது. ஆனால் அடக்க விலைக் கணக்கு அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

மில்லில் அளவு குறைந்தால்?

பதிவு சரியாக இருந்தால், இதை முதலில் காட்டிக் கொடுப்பது சாஃப்ட்வேர்தான். 600 கிலோ வர வேண்டிய இடத்தில் 560 வந்தால் வித்தியாசம் உடனே தெரியும். அதற்காக மில்காரர்தான் எடுத்துக்கொண்டார் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சாமையில் ஈரம் அதிகம் இருந்திருக்கலாம், கல்லும் மண்ணும் கலந்திருக்கலாம், இயந்திரம் சரியாக அமைக்கப்படாமல் குருணை அதிகம் விழுந்திருக்கலாம். அனுப்பும்போதும் வாங்கும்போதும் எடை போட்டு, இரு தரப்பும் சலானில் கையெழுத்துப் போட்டால் சண்டைக்கு இடமில்லை.

கம்ப்யூட்டர் இல்லையா? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, அனுப்பிய எடை, திரும்பிய அரிசி, தவிடு, கூலி என 5 பத்தி போடுங்கள். அடுத்த முறை விலை சொல்வதற்கு முன்பு அந்தப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.