பழைய கோழிகளோட புதுக் கோழியை விடப்போறீங்களா? அவசரப்பட்டா மொத்தக் கூட்டமும் காலி!

‘கோழி மிதிச்சு குஞ்சு சாகாது’ன்னு ஊர்ப்பக்கம் சொல்வாங்க. அது அடைகாத்து பொரித்த தாய்க்கோழிக்கு மட்டும்தான் பொருந்தும். சந்தையில் வாங்கி வந்த நாலு விடைக்கோழிகளை, ஏற்கெனவே ஏழெட்டு கோழிகள் மேயும் கொல்லையில் அப்படியே திறந்துவிட்டால் கதையே வேறு. அஞ்சு நிமிஷத்தில் இறகு பறக்கும். புதுசு ஒன்று வேலி ஓரம் ஒண்டி நிற்கும், இன்னொன்று விறகுக் கட்டைக்கு அடியில் போய் பதுங்கும். பத்து நாளில் ரெண்டு செத்துப்போனால், “பழைய கோழி கொத்தியே கொன்னுடுச்சு” என்று பழி போடுவார்கள்.

ஆனால் கொத்து மட்டுமே கொல்வது குறைவு. புதுக் கோழி சாவதற்குப் பெரும்பாலும் காரணம் ரெண்டு. ஒன்று, தீனிக்கும் தண்ணிக்கும் கிட்டவே போக முடியாமல் பட்டினி கிடப்பது. இன்னொன்று நோய். அந்த நோய் புதுக் கோழியோடு வந்து பழைய கூட்டத்தையும் சேர்த்துக் காலி செய்யலாம். சண்டையை முழுசாக நிறுத்த முடியாது. இந்த ரெண்டையும் நிறுத்த முடியும்.

கோழிக்கு எதுக்கு இவ்வளவு கோபம்?

இது கோபம் இல்லை, வரிசைப் பிரச்சினை. எந்தக் கோழிக் கூட்டத்திலும் யார் முதலில் தின்பது, யார் உயரமான கட்டையில் அடைவது, யார் யாருக்கு வழிவிடுவது என்று ஒரு வரிசை இருக்கும். நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர் சின்ன வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்து, 1920-களின் தொடக்கத்தில் இதை ஆய்வாக எழுதினார். ‘கொத்து வரிசை’ என்ற பேச்சே அங்கிருந்துதான் வந்தது.

வரிசை ஒருமுறை முடிவாகிவிட்டால் சண்டை குறைந்துவிடும். பெரிய கோழி ஒரு பார்வை பார்த்தாலே சின்னது விலகிப் போகும். புதிதாக ஒன்று வந்தால் அதற்கு வரிசையில் இடமே கிடையாது. அதனால் ஒவ்வொரு பழைய கோழியும் தனித்தனியாக அதை ஒரு கை பார்க்கும். அதிலும் கடைசி இடத்தில் இருக்கும் கோழிதான் ரொம்பக் கடுமையாக நடந்துகொள்வதைப் பார்க்கலாம். தனக்குக் கீழே ஒரு ஆள் கிடைக்கும் வாய்ப்பை அது விடுமா?

கோழிகள் ஒன்றையொன்று முகத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கின்றன. கொண்டை, தாடி, தலையின் நிறம் எல்லாம் அதில் சேர்த்தி. காயம்பட்டு சில வாரம் தனியாக அடைத்து வைத்த சொந்தக் கோழியைத் திரும்ப விட்டாலும் ‘யார் நீ?’ என்று கொத்து விழுவது இதனால்தான். அதற்கும் கீழே சொல்லும் அதே முறைதான்.

முதல் வேலை: கண்ணுக்கே படாத தூரம்

வாங்கி வந்த கோழியை நேராகக் கூட்டத்துக்கு அருகில் கொண்டு போகக்கூடாது. சந்தையில் நாலு ஊர்க் கோழிகள் ஒரே கூடையில் கிடந்திருக்கும். எது எதைப் பிடித்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

இதில் பெரிய பயம் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உத்தராகண்ட் மலைப்பகுதியில் இருக்கும் ராணிக்கெட் என்ற ஊரின் பெயர் இது. இந்தியாவில் 1920-களில் இந்த நோய் அடையாளம் காணப்பட்டபோது ஒட்டிக்கொண்டது. வெள்ளையாகவும் பச்சையாகவும் கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்வது ஆகியவை அறிகுறிகள். வைரஸ் நோய் என்பதால் வந்தபின் மருந்து இல்லை. தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் ஒன்றிரண்டு மிஞ்சினாலே அதிர்ஷ்டம்.

இந்த நோய்க் கிருமி உடம்புக்குள் போனபின் அறிகுறி தெரிய பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும், சில நேரம் ரெண்டு வாரத்துக்கு மேலும் போகலாம். வாங்கும்போது துள்ளிக் குதித்த கோழி பத்தாம் நாள் தலை தொங்குவது இதனால்தான். அதனால் குறைந்தது 3 வாரம், முடிந்தால் 30 நாள் தனியாக வைத்திருப்பது நல்லது. வீட்டின் ஒரு பக்கம் பழைய கோழி என்றால் மறுபக்கம் புதுசு. தீனித் தட்டு, தண்ணிப் பாத்திரம் எல்லாம் தனி. தினமும் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகு கடைசியாகத்தான் புதுசின் பக்கம் போகவேண்டும். திரும்பி வரும்போது கைகால் கழுவிவிட வேண்டும். செருப்பில் ஒட்டிய எச்சம் போதும், நோய் நடந்தே வந்துவிடும்.

அந்த நாட்களில் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன், செள்ளு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் தடுப்பூசியும் பற்றி அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். தமிழ்நாட்டில் கோடைக்கு முன்பு, பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இரு வாரம் நடத்துவது வழக்கம். புதுக் கோழி வாங்கும் திட்டம் இருந்தால், பழைய கோழிகளுக்கு முதலில் ஊசி போட்டுவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம். பலர் புதுசுக்கு மட்டும் போட்டுவிட்டு பழையதை மறந்துவிடுகிறார்கள்.

நோய் ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமி பழைய கோழிகளின் எச்சத்தில் இருக்கலாம். அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும், வெளியே எதுவும் தெரியாது. சுத்தமான இடத்தில் வளர்ந்த சின்னக் குஞ்சு அந்த மண்ணைக் கிளறிய சில நாளில் சோர்ந்து ரத்தமாகக் கழியும். அரசு புறக்கடைத் திட்டங்களில் 4 வாரக் குஞ்சுகள் வாங்குபவர்கள் இதில் ரொம்ப கவனமாக இருக்கவேண்டும். தரை ஈரமாக இருந்தால் இந்தக் கிருமி பெருகும். தண்ணிப் பாத்திரத்தைச் சுற்றி சேறாக விடக்கூடாது.

பஞ்சாரம் சும்மா இல்லை

தனிமைக் காலம் முடிந்ததும் அடுத்த கட்டம், ‘பார்க்கலாம், தொட முடியாது’. வெளிநாட்டில் இதற்குக் கம்பி வலைத் தடுப்பு விற்கிறார்கள். நம்ம ஊரில் பஞ்சாரமே போதும். புதுக் கோழிகளைப் பெரிய பஞ்சாரத்தில் கவிழ்த்து, பழைய கோழிகள் மேயும் இடத்திலேயே நிழலில் வைத்துவிடலாம். மேலே ஒரு கல் இருக்கட்டும். நாலு கோழிக்கு மேல் என்றால் பஞ்சாரம் போதாது, கொல்லையின் ஒரு பகுதியை வலை கட்டிப் பிரித்துவிடுவது நல்லது.

முதல் நாள் பழைய கோழிகள் சுற்றிச் சுற்றி வரும், ஓட்டை வழியாகக் கொத்தப் பார்க்கும். ரெண்டு மூணு நாளில் சலித்துப்போகும். பஞ்சாரத்துக்கு உள்ளேயும் வெளியே ஒட்டியும் ஒரே நேரத்தில் தீனி வைத்தால் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்னப் பழகும். ஒரு வாரம் பத்து நாள் இப்படி ஓடினால், கண்டும் காணாததுமாகப் போகும் நிலை வரும். அதுதான் பச்சைக்கொடி.

எந்த வயசுல கலக்கலாம்?

வயசை விட உடம்பைப் பார்க்கவேண்டும். விடைக்கோழி பெரிய கோழியில் முக்கால்வாசி உடம்பாவது வந்திருந்தால் ஓடித் தப்பிக்கவும் எதிர்த்து நிற்கவும் முடியும். நாட்டுக்கோழியில் இதற்கு மூணு, மூணரை மாதம் ஆகலாம். கூட்டத்தில் இருப்பது அசில், பெருவிடை போன்ற பெரிய உடம்புக் கோழிகள், வருவது சிறுவிடை என்றால் வளர்ந்த பிறகும் உடம்பு சமமாகாது. அங்கே இடவசதிதான் காப்பாற்றும். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் மொட்டை மாடியில் வளர்ப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருப்பது நல்லது. ஓடுவதற்குக் கொல்லை இல்லாத இடத்தில் சின்ன சண்டையும் பெரிசாகும்.

ஒற்றைக் கோழியை மட்டும் விடக்கூடாது. குறைந்தது ரெண்டு, மூணு சேர்ந்து போனால் அடி பங்கிட்டுக்கொள்ளும். துணைக்கு ஆள் இருந்தால் தீனி பக்கம் வரவும் தைரியம் வரும்.

இது எல்லாம் பெட்டைகளுக்குத்தான். பெரிய சேவல் இருக்கும் இடத்தில் இன்னொரு இளம் சேவலைக் கொண்டுவந்து இந்த முறையில் பழக்கலாம் என்று நினைக்கவேண்டாம். அதிலும் அசில் சேவல் என்றால் ஒன்று சாகும் வரை விடாது.

ராத்திரியோட ராத்திரியா விட்டா சேந்துக்குமா?

கிராமத்தில் பல பேர் செய்வது இதுதான். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, பழைய கோழிகள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் காலையில் ஒன்றாக இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. இருட்டில் சண்டை வராது என்பது உண்மை. ஆனால் விடிந்ததும் முகம் தெரிந்துவிடும். மூடிய கூண்டுக்குள் ஓட இடம் இல்லாமல் சிக்கும் புதுக் கோழியின் தலைதான் முதலில் கிழியும். பஞ்சாரத்தில் பழக்கிய பிறகு இதைச் செய்தால் பரவாயில்லை, ஆனால் வெளிச்சம் வரும் முன்பே எழுந்து கூண்டைத் திறந்துவிட வேண்டும்.

இதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. சாயங்காலம் கோழி அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, திறந்த கொல்லையில் விடுவது. எல்லாமே கடைசி மேய்ச்சல் அவசரத்தில் இருக்கும், சண்டைக்கு நேரம் குறைவு. இருட்டியதும் புதுசைப் பிடித்துப் பழைய இடத்திலேயே அடைத்துவிடலாம். மறுநாள் ரெண்டு மணி நேரம், அடுத்த நாள் அரை நாள் என்று கூட்டிக்கொண்டே போகலாம்.

தீனித் தட்டுதான் போர்க்களம்

ஒரே தட்டு, ஒரே பாத்திரம் என்றால் அதன் முன்னால் ஒரு பெரிய கோழி நின்றாலே போதும், புதுசு பட்டினி. மூணு நாலு இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி வைத்துவிடலாம். ஒரு மூலையில் தட்டை வைப்பதுதான் பெரிய தப்பு. மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி இருக்காது. சாய்த்து வைத்த பலகை, தென்னை ஓலை, கல் மேல் வைத்த பழைய கட்டில் என்று ரெண்டு பக்கமும் வழி இருக்கும் மறைவுகள் நாலைந்து இருந்தால் நல்லது.

குஞ்சுகள் என்றால் பாட்டிகள் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. பஞ்சாரத்தைச் செங்கல் மேல் கொஞ்சம் தூக்கி வைத்து, உள்ளே குருணையைப் போட்டுவிடுவார்கள். குஞ்சு நுழையும், பெரிய கோழி வெளியே நின்று எட்டிப் பார்க்கும். இதைவிட மலிவான பாதுகாப்பு வேறு இல்லை.

கம்பெனித் தீனி வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். வளரும் கோழிக்குத் தேவை ஒரு சதவீதம் அளவில்தான். தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். கலந்து வளர்க்கும் காலத்தில் எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீனியையே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

புதுசு தின்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க எளிய வழி, அடைந்த பிறகு கையில் எடுத்து கழுத்தின் அடியில் தடவிப் பார்ப்பது. அங்கே இருக்கும் தீனிப்பை ராத்திரி நேரத்தில் உருண்டையாக நிறைந்திருக்க வேண்டும். தொட்டால் காலியாக இருந்தால், பகலில் எதுவும் தின்ன விடவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே அதைத் தனியாக வைத்து தீனி கொடுத்து, மறுபடி பஞ்சாரக் கட்டத்துக்குத் திரும்பவேண்டும். எடை குறைந்து, நெஞ்செலும்பு கத்தி மாதிரி தட்டுப்பட்டால் ஏற்கெனவே தாமதம்.

எப்போ தலையிடணும்?

ஒரு கொத்து, ஒரு துரத்தல், ரெண்டும் இறகைச் சிலிர்த்து நேருக்கு நேர் நிற்பது எல்லாம் சாதாரணம். ஓடிப்போய் பிரித்துவிட்டால் வரிசை முடிவாகாது, நாளைக்கு மறுபடி முதலிலிருந்து வரும். கீழே விழுந்த கோழியை ரெண்டு மூணு சேர்ந்து ஏறி மிதித்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ ஒரு நிமிஷமும் பொறுக்கக்கூடாது. சிவப்பைப் பார்த்தால் கோழிகள் கொத்துவதை நிறுத்தாது, குடல் வெளியே வரும்வரை போகும். காயம்பட்டதைப் பிரித்து, சுத்தம் செய்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினால் ஈ மொய்க்காது. ஆழமான காயத்துக்கு மருத்துவரிடம்தான் போகவேண்டும். தோல் மூடும் வரை கூட்டத்தில் விடக்கூடாது.

ஒரே ஒரு கோழிதான் விடாமல் துரத்துகிறது என்றால் புதுசைப் பிரிக்காமல் அந்த ரவுடியைப் பிடித்து நாலைந்து நாள் கண்ணில் படாமல் அடைத்து வைக்கலாம். திரும்பி வரும்போது அதன் இடம் பறிபோயிருக்கும், கொஞ்சம் அடங்கும். அலகை வெட்டிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பண்ணையில் தட்டில் தின்னும் கோழிக்கு அது வேறு விஷயம். மண்ணைக் கொத்திப் புழுவும் புல்லும் தின்னும் கோழிக்கு அலகுதான் பிழைப்பு.

ரெண்டு மூணு வாரத்துக்கு முட்டை குறையலாம். பயப்பட வேண்டியதில்லை, கூட்டம் அமைதியானால் திரும்பிவிடும்.

அடைக்கோழி இருந்தா வேலை பாதி

இந்தப் பாடு எதுவும் வேண்டாம் என்றால், பழைய கூட்டத்திலேயே அடைகாக்கும் கோழி ஒன்றிடம் ஒரு நாள், ரெண்டு நாள் குஞ்சுகளை ராத்திரியில் அடியில் வைத்துவிடலாம். அது அடை உட்கார்ந்து ரெண்டு மூணு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். காலையில் தன் குஞ்சு என்று ஏற்றுக்கொண்டால், மற்ற கோழிகளை அதுவே துரத்தும். குஞ்சுகள் அம்மாவின் பின்னாலேயே சுற்றி கூட்டத்தின் நடைமுறையைக் கற்றுக்கொள்ளும். ஏற்காமல் கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும், அதனால் அன்று காலை பக்கத்திலேயே இருப்பது அவசியம்.

ரெண்டு மாதம் தாண்டியதும் அதே தாய் ஒரு நாள் திடீரென்று குஞ்சுகளைக் கொத்தி விரட்ட ஆரம்பிக்கும். மறுபடி முட்டைக்குத் தயாராகிறது என்று அர்த்தம். அம்மாவின் காவல் போன அந்த வாரத்தில்தான் மற்ற கோழிகளும் சேர்ந்து கொத்தும். பஞ்சாரத்தைப் பரணில் ஏற்றிவிடாமல் அந்த வாரம் வரைக்கும் கீழேயே வைத்திருக்கலாம்.