பின்னணிப் பணிகளின் வரிசையும் டெலிவரி ஊழியரின் நேரமும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஆவடிச் சாலை சந்திக்கும் கரையான்சாவடியில் ஓர் உணவு டெலிவரி ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் பொட்டலத்தை வைத்து போட்டோ எடுக்கிறார். செயலி அந்தப் படத்தைச் சுருக்க வேண்டும், சர்வருக்கு ஏற்ற வேண்டும், ஆர்டர் முடிந்ததாகப் பதிய வேண்டும், அன்றைய வருமானத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும். நான்கும் திரைக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. இந்த வரிசையை எப்படி அமைப்பது என்பதை நிரலாளர்கள் தங்கள் வசதி சார்ந்த கேள்வியாகவே பார்க்கிறார்கள். அதில் கூலிக் கணக்கும் அடங்கியிருக்கிறது என்பது என் வாதம்.

ஆண்ட்ராய்டில் இரண்டு சேவைகளை அடுத்தடுத்த வரிகளில் தொடங்கச் சொன்னால், முதலாவது முடிந்தபின்தான் இரண்டாவது வேலையில் இறங்கும் என்பதற்கு உறுதி கிடையாது. தொடங்கும் கட்டளை, வேலை முடியும்வரை காத்திருப்பதில்லை. இந்தக் குறையை வெகுகாலம் தீர்த்துவந்தது இன்டென்ட்சர்வீஸ்: ஒரே ஓர் இழையில் கோரிக்கைகளை வந்த முறைப்படி முடிக்கும். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 பின்னணிச் சேவைகளுக்குக் கடிவாளம் போட்டது. ஆண்ட்ராய்டு 11-இல் இன்டென்ட்சர்வீஸைத் தவிர்க்கும்படி கூகுளே சொல்லிவிட்டது. பேட்டரியைக் காக்கவே இந்த ஏற்பாடு. நாளெல்லாம் பவர் பேங்கும் கையுமாக ஓடுபவர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

அதன் இடத்துக்கு வந்தது 2019-இல் நிலைபெற்ற ஒர்க்மேனேஜர். பணிகளைச் சங்கிலியாகக் கோத்தால் அவற்றைக் கைப்பேசியின் தரவுத்தளத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். போன் அணைந்து எழுந்தாலும் வரிசை அழியாது. ஒரு பணி அடுத்ததற்கு 10 கிலோபைட்டுக்கு மேல் தரவு கொடுக்க முடியாது என்பதால், போட்டோவைக் கோப்பாகச் சேமித்து அதன் முகவரியை மட்டும் கடத்த வேண்டும். இதுவரை நல்லதே.

சிக்கல் சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. ஒரு கண்ணி தோற்றதாக அறிவித்தால், அதைச் சார்ந்த பின்கண்ணிகளும் ஓடாமலே தோற்றதாகிவிடும். மறுமுயற்சி கேட்டால் அவை காத்துக் கிடக்கும். இயல்பான அமைப்பில் முதல் காத்திருப்பு 30 விநாடி. ஒவ்வொரு தோல்விக்கும் அது இரட்டிக்கும். எட்டாவது தோல்விக்குப் பின் 64 நிமிடம். உச்சவரம்பு 5 மணி நேரம். ‘நெட்வொர்க் இருந்தால் மட்டும் ஓடு’ என்று நிபந்தனை போடலாம். ஆனால் அடுக்குமாடியின் தரைத்தளப் பார்க்கிங்கில் டவர் கோடு ஒன்று தெரிந்தாலே நெட்வொர்க் இருப்பதாகிவிடும், படமோ ஏறாது. ஒரு போட்டோ சிக்கிக்கொண்டதற்காக, முடிந்துபோன ஆர்டரின் பதிவும் அதன் பின்னால் நிற்கிறது.

‘முடிந்தது’ என்ற பதிவுக்குப் போட்டோ உண்மையிலேயே முன்தேவையா? பெரும்பாலும் இல்லை. சில நூறு பைட் அளவே உள்ள அந்தப் பதிவு தனியே முந்திச் செல்லலாம், படம் பிறகு வந்து இணையலாம். ஒரே நேரத்தில் பல பணிகள் ஓடினால் தரவு குழம்பும் என்று மறுப்பார்கள். ஒவ்வோர் ஆர்டருக்கும் தனிப் பெயரில் தனிச் சங்கிலி வைத்து, சர்வர் ஒரே பதிவை இருமுறை பெற்றாலும் ஒருமுறையே கணக்கில் கொண்டால் அந்த அச்சம் நீங்கும். ஊழியரின் நேரலை இருப்பிடத்தை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. பத்து நிமிடம் பழைய இருப்பிடத்தால் யாருக்கும் பயனில்லை.

இதைவிட முக்கியமானது நேரம். பொத்தானை அழுத்திய கணமும் சர்வர் பெற்ற கணமும் தனித்தனியே பதிவாக வேண்டும். பின்னதை மட்டும் வைத்து ‘தாமதம்’ என்று கணக்கிட்டால், மென்பொருளின் காத்திருப்பு தொழிலாளியின் தலையில் விழுகிறது. கைப்பேசிக் கடிகாரத்தைத் திருத்தி ஏமாற்றலாமே என்றால், போன் எழுந்தது முதல் ஓடும் உள்கடிகாரத்தைப் பயனர் மாற்ற முடியாது, அதோடு ஒப்பிடலாம். தமிழ்நாடு அரசு 2023-இல் கிக் தொழிலாளர்களுக்கென நல வாரியம் அமைத்தது. செயலிகளில் இந்த இரு நேரங்களையும் ஊழியரே பார்க்கும்படி வைக்கக் கோருவதை அந்த வாரியத்திடமிருந்தே தொடங்கலாம்.