சேவல் சின்னத்திலிருந்து பரப்பன அக்ரஹாரம் வரை

சந்தாபுராவில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஓசூர் ரோடுதான் எல்லாம். ஒரு பக்கம் எலக்ட்ரானிக் சிட்டி, அதைத் தாண்டினால் பரப்பன அக்ரஹாரம் சிறை. மறுபக்கம் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் நம்ம ஊர். 2014 செப்டம்பர் 27 சனிக்கிழமை இந்த ரோட்டின் இரண்டு முனைகளும் ஒரே பெண்மணியின் பெயரால் பரபரத்தன. தீர்ப்பைப் பற்றி அன்று பேசாத தமிழர் இங்கே கிடையாது. அவர் ஒரு கட்சியை எப்படிக் கையில் எடுத்தார், எப்படி நடத்தினார் என்பது பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. வளரும் பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் பேச வேண்டிய விஷயம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜெயலலிதா பிறந்தது 1948இல், மேல்கோட்டையில். அன்றைய மைசூர் ராஜ்ஜியம். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படித்துவிட்டுச் சென்னைக்குப் போனவர். நாம் பிழைப்புக்காக அங்கிருந்து இங்கே வந்தோம், அவர் குடும்பம் பிழைப்புக்காக இங்கிருந்து அங்கே போனது!

1982இல் அதிமுகவில் சேர்ந்தார். கடலூர் மாநாட்டில் 'பெண்ணின் பெருமை' என்ற தலைப்பில் பேசினார். அடுத்த ஆண்டே கொள்கை பரப்புச் செயலாளர். எங்கள் திருச்செந்தூர்ப் பக்கம் அவரை முதலில் அறிந்தது அப்போதுதான். கோயில் அதிகாரி சுப்பிரமணிய பிள்ளை மரண விவகாரத்தில், நீதி கேட்டு மதுரையிலிருந்து திருச்செந்தூருக்குக் கலைஞர் நடந்தே வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தச் சூட்டில் 1983 இடைத்தேர்தல். ஜெயலலிதா ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார், அதிமுக ஜெயித்தது. 'நடிகையைப் பார்க்க வந்த கூட்டம்' என்று சொன்னவர்கள் கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

1984இல் ராஜ்யசபா உறுப்பினர் ஆனார். ஆனால் கட்சியின் மூத்தவர்கள் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. கொள்கை பரப்புச் செயலாளர் பதவி போனது, 1985இல் திரும்பக் கிடைத்தது. 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர் மறைந்தபோது, உடலை ஏற்றிச்சென்ற பீரங்கி வண்டியிலிருந்து அவரைக் கீழே தள்ளினார்கள். நாடே பார்த்தது.

அதன் பிறகு நடந்ததுதான் அமைப்பு வேலை. கட்சி இரண்டாக உடைந்தது. ஜானகி அம்மையார் முதல்வராகி 24 நாளில் ஆட்சி கலைந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். புதுச் சின்னத்தைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேவல் 27 இடங்களில் ஜெயித்தது. ஜானகி அம்மையார் ஆண்டிப்பட்டியிலேயே தோற்றார். தொண்டன் எந்தப் பக்கம் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம். இரண்டு அணிகளும் சேர்ந்தன, இரட்டை இலை திரும்பியது, அவர் பொதுச்செயலாளர் ஆனார். சட்டமன்றத்தில் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரும் அவரே. 1991இல் முதல்வர்.

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். அண்ணாவின் 1967 அமைச்சரவையில் இருந்த சத்தியவாணி முத்து, திமுகவை விட்டு வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று சொந்தமாகக் கட்சியே நடத்தினார். பிறகு அதை அதிமுகவில் இணைத்தார். தனியாக ஒரு பெண் கட்சி நடத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு அவர் கதையும் சாட்சி.

ஜெயலலிதா அடி வாங்காமல் இல்லை. 1996இல் ஆட்சி போனது, நம் பக்கத்து பர்கூரில் அவரே தோற்றார். 2001இல் மீண்டும் வந்தார். 2004 மக்களவைத் தேர்தலில் பெரும் தோல்வி. 2014இல் 39க்கு 37. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கட்சி அப்படியே அவர் கையில் இருந்தது. காரணம், கிளைக் கழகம், ஒன்றியம், நகரம், மாவட்டம் என்று கீழிருந்து மேல்வரை எல்லாப் பொறுப்பும் ஒருவர் கையெழுத்தில் வரும், ஒருவர் கையெழுத்தில் போகும். காலையில் மாவட்டச் செயலாளராக எழுந்தவர் இரவு வெறும் உறுப்பினராகத் தூங்கலாம்.

என் கேள்வி இங்கேதான். அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் அவர் கொண்டுவந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 2016இல் சட்டம் செய்தவரும் அவர்தான். ஆனால் அதே கட்சியில் மாவட்டச் செயலாளர்கள் யார் என்று பார்த்தால் மிகப் பெரும்பாலும் ஆண்கள். தான் ஏறிய ஏணியில் இன்னொரு பெண் ஏற அவர் வழி செய்யவில்லை. இரண்டாம் இடம் என்ற ஒன்றையே யாருக்கும் தரவில்லை.

விலை என்ன? சொத்துக்குவிப்பு வழக்கில் நீதிபதி குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். மூன்று வாரம் பரப்பன அக்ரஹாரம், பிறகு ஜாமீன், 2015 மே மாதம் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் விடுதலை. 2016 டிசம்பர் 5இல் அவர் மறைந்தார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சசிகலா உள்ளிட்ட மூவரின் தண்டனையை உறுதி செய்தது. ஜெயலலிதா மீதான வழக்கு அவர் மறைவால் அற்றுப்போனது. சில வாரங்களுக்கு முன்புதான் சசிகலா பொதுச்செயலாளராக அறிவிக்கப்பட்டிருந்தார். அந்தப் பதவியில் இருந்த இரண்டாவது பெண் இதே ஓசூர் ரோட்டுப் பக்கம் சிறைக்கு வந்தார். கட்சி உடைந்தது, சின்னம் மறுபடி முடங்கியது, மீண்டது. 2023இல் எடப்பாடி பழனிசாமி பொதுச்செயலாளர் ஆனார்.

சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் சட்டம் நிறைவேறியது. நல்லது. ஆனால் எந்தச் சட்டமும் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் பதவியைப் பெண்ணுக்கு வாங்கித் தராது. வேட்பாளர் பட்டியலுக்குப் பெயர் போவதே அந்த நாற்காலியிலிருந்துதான். நம் வீட்டுப் பெண்ணுக்கு அரசியல் ஆசை வந்தால் 'அந்தம்மா மாதிரி வா' என்று வாழ்த்துகிறோம். அவருடைய துணிச்சலும் உழைப்பும் வரட்டும். கூடவே, பக்கத்தில் இன்னும் நாலு பெண்களை உட்காரவைக்கும் மனசும் வரட்டும் என்று நான் சேர்த்துச் சொல்வேன்.